இன்வாய்ஸில் நாடு என்ற இடத்தில் 'கொசோவோ' என்று போடலாமா?

சிப்காட் ஷிஃப்ட் | திங்கள், இரவு 9.15

எல்லோருக்கும் வணக்கம். ராணிப்பேட்டையில் ஒரு ஷூ கம்பெனியில் ஏற்றுமதி டாகுமெண்ட் வேலை பார்க்கிறேன். இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், கூரியர் ரசீது எல்லாம் என் மேஜை வழியாகத்தான் போகும். போன வாரம் புதிதாக ஒரு பையர் கிடைத்திருக்கிறார், ஊர் பிரிஷ்டினா, கொசோவோவின் தலைநகர். ஆறு ஜோடி சாம்பிள் அனுப்ப வேண்டும், அவ்வளவுதான் வேலை. எங்கள் ஆபீஸ் பழைய பில்லிங் சாஃப்ட்வேரில் நாடு என்ற கட்டத்தைத் திறந்தால் கென்யா இருக்கிறது, கிரிபாட்டி இருக்கிறது, குவைத் இருக்கிறது, கொசோவோ இல்லை. கூகுளில் தேடினேன், செர்பியா உரிமை கொண்டாடும் பகுதி என்று வந்தது. சரி என்று செர்பியா போட்டு ப்ரொஃபார்மா (முன்கூட்டிய இன்வாய்ஸ்) அனுப்பினேன். பத்தே நிமிஷத்தில் பதில் மெயில். மரியாதையான ஆள்தான், ஆனால் எழுத்தில் சூடு தெரிந்தது. நான் செர்பியாவில் இல்லை, இதை மாற்றினால்தான் மேற்கொண்டு பேச்சு என்று எழுதியிருக்கிறார்.

மேனேஜரிடம் காட்டினால், நம் அரசாங்கமே அதை நாடாக ஏற்கவில்லை, நீ பாட்டுக்கு எதையாவது எழுதிக் கஸ்டம்ஸில் மாட்டி வைக்காதே என்கிறார். எனக்கு இரண்டு கேள்வி. ஒன்று, என்ன எழுதுவது? இரண்டு, அது நாடா இல்லையா? இரண்டாவதற்கு யாராவது நேராகப் பதில் சொன்னால் இன்று தூங்கிவிடுவேன்.

குரூப் ஒன் காட்பாடி | திங்கள், இரவு 9.32

அண்ணே, இது போன மாதம்தான் படித்தேன், சூடாகவே தருகிறேன். கொசோவோ 2008 பிப்ரவரி 17 அன்று தனி நாடு என்று அறிவித்தது. மறுநாளே அமெரிக்கா, பிரிட்டன், பிரான்ஸ் ஏற்றுக்கொண்டன. செர்பியா, ரஷ்யா, சீனா, இந்தியா ஏற்கவில்லை. இன்றைக்கு நூறு நாடுகளுக்கு மேல் ஏற்றிருக்கின்றன, ஆனால் ஐ.நா. உறுப்பினர் இல்லை. பரப்பு 10,887 சதுர கிலோமீட்டர். நம் பழைய வடாற்காடு மாவட்டம் அளவுக்குக் கிட்டத்தட்ட வரும்.

பாலாறு தண்ணி எங்கே | திங்கள், இரவு 9.40

ஆக, நாடா இல்லையா என்று கேட்டால் நூறு பேர் ஆமாம், மீதிப் பேர் இல்லை. தம்பி தூங்கின மாதிரிதான்.

சத்துவாச்சாரி வக்கீல் | திங்கள், இரவு 10.05

நேராகவே சொல்கிறேன். ஒரு நாடு என்றால் என்ன என்பதற்கு 1933இல் மான்டிவிடியோவில் போட்ட ஒப்பந்தத்தைத்தான் எல்லோரும் எடுத்துக்காட்டுவார்கள். நிலையான மக்கள், எல்லை தெரிந்த நிலம், ஒரு அரசாங்கம், மற்ற நாடுகளோடு உறவு வைத்துக்கொள்ளும் தகுதி, இந்த நாலும் இருந்தால் நாடு. மற்றவர்கள் ஏற்பது இந்த நாலில் இல்லை. இது ஒரு கட்சி. இன்னொரு கட்சி, மற்ற நாடுகள் ஏற்றால்தான் நாடு பிறக்கிறது என்கிறது. சட்டப் புத்தகத்தில் முதல் கட்சிக்குத்தான் பலம், நடைமுறையில் இரண்டாவது கட்சி சொல்வதுதான் நடக்கிறது.

நம் ஊர் வழக்கில் சொன்னால் சுலபம். புறம்போக்கில் வீடு கட்டிக் குடியிருக்கிறான் ஒருவன். பட்டா இல்லை. வருஷா வருஷம் பி மெமோ, அதாவது ஆக்கிரமிப்பு நோட்டீஸ், வருகிறது. ஆனால் கரண்ட் கனெக்ஷன் வாங்கிவிட்டான், வீட்டு வரி ரசீது இருக்கிறது, ரேஷன் கார்டு அதே முகவரியில். கோர்ட்டுக்கு வரும்போது இந்தக் காகிதங்களைத்தான் கட்டுக்கட்டாகக் கொண்டுவருவான். கொசோவோ செய்திருப்பது இதைத்தான். 2009இல் உலக வங்கியிலும் ஐ.எம்.எஃப்.பிலும் சேர்ந்தார்கள். 2014இல் ஒலிம்பிக் கமிட்டி, 2016இல் ஃபிஃபா. 2016 டிசம்பரில்தான் தனியாக 383 என்ற தொலைபேசிக் குறியீடு கிடைத்தது, அதுவரை செல்போனுக்கு மொனாக்கோவின் எண்ணையும் ஸ்லோவேனியாவின் எண்ணையும் இரவல் வாங்கி ஓட்டினார்கள். நாணயம் யூரோ, அதுவும் இரவல்தான். யுனெஸ்கோவில் 2015இல் மூன்றே ஓட்டில் தோற்றார்கள். பட்டா மட்டும் இன்னும் வரவில்லை.

கோட்டை வாத்தியார் | திங்கள், இரவு 10.31

வக்கீல் சார் உவமை அழகு, ஆனால் ஓரிடத்தில் இடிக்கிறது. புறம்போக்குக்குப் பட்டா கொடுக்கத் தாலுகா ஆபீஸ் இருக்கிறது. தாசில்தார் மறுத்தால் ஆர்.டி.ஓ., அதற்கு மேல் கோர்ட். நாட்டுக்குப் பட்டா கொடுக்கும் ஆபீஸ் எது? ஐ.நா. என்பார்கள். ஐ.நா.வில் சேரப் பாதுகாப்பு மன்றத்தின் சிபாரிசு வேண்டும், அங்கே நிரந்தர உறுப்பினர் ஐந்து பேரில் யார் வேண்டாம் என்றாலும் கதவு அடைப்பு. தாலுகா ஆபீஸில் ஐந்து தாசில்தார், ஐந்து பேரும் வாதிக்கோ பிரதிவாதிக்கோ பங்காளி என்று வைத்துக்கொள்ளுங்கள், அப்போது உவமை பொருந்தும்.

(ஓய்வு பெற்ற சரித்திர வாத்தியார். தூக்கம் வருவதில்லை, எழுதிக்கொண்டே இருப்பேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.)

பாலாறு தண்ணி எங்கே | திங்கள், இரவு 10.36

உலகக் கோர்ட் ஒன்று ஹேக்கில் இருக்கிறதே வாத்தியாரே. அங்கே போய் ஒரே தீர்ப்பில் முடித்திருக்கலாமே.

சத்துவாச்சாரி வக்கீல் | திங்கள், இரவு 10.58

போனார்கள். போனது செர்பியா. 2008 அக்டோபரில் ஐ.நா. பொதுச்சபையில் தீர்மானம் போட்டு, இந்தச் சுதந்திர அறிவிப்பு சர்வதேசச் சட்டத்துக்கு உட்பட்டதா என்று கருத்துக் கேட்டார்கள். 2010 ஜூலை 22 அன்று பதில் வந்தது, பத்துக்கு நாலு. சுதந்திரம் என்று அறிவிப்பதைச் சர்வதேசச் சட்டம் எங்கேயும் தடுக்கவில்லை, ஆகவே மீறல் இல்லை என்றார்கள். கேஸ் போட்ட செர்பியாவுக்கே அடி.

ஆனால் நன்றாகப் படித்தால் நீதிபதிகள் எவ்வளவு சாமர்த்தியமாக நழுவினார்கள் என்று தெரியும். கொசோவோ நாடாகிவிட்டதா என்று எங்களிடம் கேட்கவில்லை, அதனால் சொல்லவில்லை என்று அங்கேயே எழுதிவிட்டார்கள். பிரிந்து போக உரிமை உண்டா என்பதையும் தொடவில்லை. வீட்டு வாசலில் இது என் வீடு என்று போர்டு மாட்டுவது குற்றமா என்று கேட்டார்கள், போர்டு மாட்டுவது குற்றமில்லை என்றார்கள். வீடு யாருடையது? அதற்கு வேறு மனு போட வேண்டும், இன்றுவரை யாரும் போடவில்லை. என் சீனியர் ஒருவர் இந்த மாதிரித் தீர்ப்பை 'ஈரத் துணி போட்டுத் தாண்டுவது' என்பார்.

ஆம்பூர் பாய் | செவ்வாய், காலை 6.50

ஃபஜ்ர் தொழுகை முடித்துவிட்டு இழையைப் பார்த்தேன். எல்லோரும் காகிதமாகவே பேசுகிறீர்களே. அந்த ஜனங்கள் ஏன் பிரிந்தார்கள் என்று ஒருவரும் சொல்லவில்லை.

அங்கே பத்துக்கு ஒன்பது பேர் அல்பேனியர்கள், பெரும்பாலும் முஸ்லிம்கள். யூகோஸ்லாவியாவின் 1974 அரசியல் சட்டத்தில் அவர்களுக்குத் தன்னாட்சி இருந்தது. 1989இல் செர்பியத் தலைவர் மிலோசெவிச் அதைப் பிடுங்கினார். அல்பேனிய வாத்தியார்கள், டாக்டர்கள் வேலையை விட்டுத் துரத்தப்பட்டு, வீடுகளில் பள்ளிக்கூடம் நடத்தினார்கள். இப்ராஹிம் ருகோவா என்பவர் பல வருஷம் கல் எறியாமல் அறவழியில் நடத்திப் பார்த்தார். உலகம் திரும்பிப் பார்க்கவில்லை. துப்பாக்கி எடுத்த பிறகுதான் பார்த்தது. 1999இல் எட்டு லட்சம் பேருக்கு மேல் எல்லை தாண்டித் துரத்தப்பட்டார்கள். அமெரிக்காவும் கூட்டாளிகளும் சேர்ந்த நேட்டோ படை 78 நாள் குண்டு போட்டு, அதற்குப் பிறகு ஐ.நா. நிர்வாகம் வந்தது. இத்தனைக்கும் பிறகு மறுபடி செர்பியத் தலைநகர் பெல்கிரேடுக்குக் கீழே போய் உட்கார் என்று அவர்களிடம் எப்படிச் சொல்வது? எந்த ஆட்சி தன் ஜனங்களையே லட்சக்கணக்கில் விரட்டியதோ அந்த ஆட்சிக்கு அந்த நிலத்தின் மேல் பாத்தியதை போய்விட்டது. என் மனசுக்கு நியாயம் இதுதான்.

இந்தியா ஏன் ஏற்கவில்லை? எல்லோருக்கும் தெரியும், வாயைத் திறந்து சொல்ல மாட்டார்கள். மடியில் கனம்.

கோட்டை வாத்தியார் | செவ்வாய், காலை 8.10

பாய், நீங்கள் சொன்ன சரித்திரம் சரி. மடியில் கனம் என்பதும் சரி. ஆனால் அது இந்தியாவுக்கு மட்டும் இல்லையே. ஐரோப்பிய யூனியனிலேயே ஐந்து நாடு ஏற்கவில்லை. ஸ்பெயினுக்குத் தன் கேட்டலோனியா மாகாணம் பிரிந்துவிடுமோ என்ற பயம். சைப்ரஸின் வடக்குப் பாதி 1983இல் தனி நாடு என்று அறிவித்துக்கொண்டது, துருக்கி மட்டும் ஏற்றது, ஆகவே சைப்ரஸ் எந்தப் பிரிவினையையும் ஏற்காது, அதன் கூடவே கிரீஸ். ருமேனியாவிலும் ஸ்லோவாக்கியாவிலும் ஹங்கேரி மொழிக்காரர்கள் நிறையப் பேர். ஒவ்வொரு நாடும் கொசோவோவைப் பார்க்கும்போது தன் வீட்டுச் சண்டையைத்தான் பார்க்கிறது. கொசோவோவில் என்ன நடந்தது என்பது அந்தக் கோப்பில் கடைசிப் பக்கம்.

இந்தியாவுக்கு இன்னொரு பழைய பந்தமும் உண்டு. அணிசேரா நாடுகளின் முதல் மாநாடு 1961இல் நடந்தது பெல்கிரேடில்தான். நேரு, டிட்டோ, நாசர் எல்லாம் கூடியது அங்கே. அந்த உறவு இன்னும் செர்பியாவோடு ஒட்டிக்கொண்டு வருகிறது.

செர்பியர்களின் பக்கத்தையும் ஒரு வரி சொல்ல வேண்டும். 1389இல் துருக்கியரோடு அவர்கள் மோதிய போர்க்களம் அந்த மண்ணில்தான் இருக்கிறது, அவர்களுடைய பழைய மடாலயங்கள் அங்கேதான் இருக்கின்றன. திருத்தணி நமக்கு வருமா போகுமா என்று இருந்தபோது இங்கே எவ்வளவு கொதித்தார்கள் என்று என் அப்பா சொல்லக் கேட்டிருக்கிறேன். திருத்தணியே அப்படி என்றால் யோசித்துப் பாருங்கள்.

பாலாறு தண்ணி எங்கே | செவ்வாய், காலை 8.25

சித்தூர் 1911 வரைக்கும் வடாற்காடுதானே வாத்தியாரே. வாருங்கள், கேஸ் போடுவோம்.

கோட்டை வாத்தியார் | செவ்வாய், காலை 8.41

விளையாட்டாகச் சொன்னாலும் அதில் ஒரு விஷயம் இருக்கிறது. சித்தூரா திருத்தணியா என்று ஐம்பதுகளில் கிளர்ச்சி நடந்தது, ம.பொ.சி. முன்னால் நின்றார். நடுவராகப் படாஸ்கர் வந்து கிராமம் கிராமமாகப் பார்த்து எழுதிக் கொடுத்தார், 1960 ஏப்ரலில் திருத்தணி நம் பக்கம் வந்தது, சித்தூர் அந்தப் பக்கமே நின்றது. வருத்தம் இருந்தாலும் முடிந்தது. ஏன் முடிந்தது? இரண்டு பக்கத்துக்கும் மேலே ஒரு பார்லிமெண்ட் இருந்தது. கொசோவோவுக்கு மேலே அப்படி ஒன்று இல்லை. ஃபின்லாந்தின் முன்னாள் அதிபர் மார்ட்டி அஹ்திசாரி 2007இல் ஒரு திட்டம் எழுதிக் கொடுத்தார், சர்வதேசக் கண்காணிப்போடு சுதந்திரம், செர்பியச் சிறுபான்மைக்கு நிறையப் பாதுகாப்பு. நல்ல திட்டம்தான். ரஷ்யா ஒத்துக்கொள்ளாததால் பாதுகாப்பு மன்றத்தில் செத்துப்போனது. மறு வருஷம் அவர்கள் தாங்களாகவே அறிவித்துவிட்டார்கள்.

குரூப் ஒன் காட்பாடி | செவ்வாய், காலை 9.02

ஐயா ஒரு சந்தேகம். மாண்டினீக்ரோ 2006இல் பிரிந்தபோது செர்பியாவே ஏற்றுக்கொண்டதே, கொசோவோவுக்கு மட்டும் ஏன் இந்தச் சண்டை?

சத்துவாச்சாரி வக்கீல் | செவ்வாய், காலை 9.30

நல்ல கேள்வி, பரீட்சையில் கேட்பார்கள். பழைய யூகோஸ்லாவியாவில் ஆறு குடியரசுகள், மாண்டினீக்ரோ அதில் ஒன்று. கொசோவோ குடியரசு இல்லை, செர்பியாவுக்குள் ஒரு தன்னாட்சி மாகாணம். நாடு உடைந்தபோது குடியரசுகளுக்கு நாடாக உரிமை உண்டு, அவற்றின் பழைய எல்லையே புது நாட்டு எல்லை என்று ஐரோப்பியர்கள் ஒரு விதி வைத்தார்கள். மாகாணம் அந்த விதிக்குள் வரவில்லை. ஒரே ஒரு கோடு, அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம் பிறந்தவனுக்கு நாடு, அந்தப் பக்கம் பிறந்தவனுக்கு வழக்கு. மாண்டினீக்ரோ பொது வாக்கெடுப்பு நடத்தி, 55 சதவீதம் வேண்டும் என்ற விதியை மயிரிழையில் தாண்டியது. கொசோவோவுக்கு அப்படி இரு தரப்பும் ஒத்துக்கொண்ட வாக்கெடுப்பு நடக்கவே இல்லை.

காந்தி ரோடு லாட்ஜ் | செவ்வாய், மதியம் 2.20

நான் படித்தவன் இல்லை, லாட்ஜ் பார்த்துக்கொள்கிறேன். இருபத்திரண்டு ரூம். எங்கள் தெருவில் தமிழ் போர்டைவிட வங்காளி போர்டு அதிகம் என்று வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள். வைத்தியத்துக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் கல்கத்தா பக்கம், கணிசமான பேர் பங்களாதேஷ். வெளிநாட்டுக்காரர் என்றால் சி ஃபார்ம் ஏற்ற வேண்டும், பாஸ்போர்ட் நம்பர், விசா நம்பர், எந்த நாடு என்று. இருபது வருஷமாக பங்களாதேஷ் என்று அமுக்கி அமுக்கி விரல் தேய்ந்துவிட்டது. ஒரு நாளும் அந்த நாடு எப்படி இந்தப் பட்டியலில் ஏறியது என்று யோசித்ததில்லை. இந்த இழையைப் படித்த பிறகு, காலையில் ஒரு பெரியவர், டாக்காவிலிருந்து வந்தவர், அவரிடம் டீ குடிக்கும்போது கேட்டேன். எழுபத்தொன்றில் அவருக்குப் பதினாலு வயதாம். இந்தியா எங்களை நாடு என்று சொன்ன செய்தியை ரேடியோவில் கேட்டுவிட்டு எங்கள் அப்பா வாசலில் உட்கார்ந்து அழுதார் என்றார். அப்புறம் பேச்சை மாற்றிவிட்டு ஸ்கேன் எப்போது கிடைக்கும் என்று கேட்டார்.

வாத்தியார் ஐயா, அந்தக் கதையைச் சொல்லுங்களேன்.

கோட்டை வாத்தியார் | செவ்வாய், மாலை 4.45

லாட்ஜ்காரரே, இந்த இழையிலேயே நல்ல பதிவு உங்களுடையது.

1971 மார்ச் 26 அன்று பங்களாதேஷ் சுதந்திரம் அறிவித்தது. அகதிகள் லட்சம் லட்சமாக வந்தும் இந்தியா உடனே ஏற்கவில்லை, எட்டு மாதத்துக்கு மேல் காத்திருந்தது. யுத்தம் தொடங்கிய பிறகு டிசம்பர் 6 அன்று ஏற்றது, அதே நாளில் பூட்டானும். பாகிஸ்தான் சரணடைந்தது டிசம்பர் 16. அமெரிக்கா 1972 ஏப்ரலில்தான் ஏற்றது. அந்த ஆகஸ்டில் ஐ.நா.வில் சேர மனுப் போட்டபோது சீனா வீட்டோ செய்தது, பாதுகாப்பு மன்றத்தில் உட்கார்ந்த பிறகு சீனா போட்ட முதல் வீட்டோக்களில் அது ஒன்று. பாகிஸ்தான் 1974 பிப்ரவரியில் லாகூரில் இஸ்லாமிய நாடுகள் மாநாடு நடந்தபோது ஏற்றது. தாய்வீடே ஏற்ற பிறகு மற்றவர் என்ன சொல்வது? அந்த செப்டம்பரில் ஐ.நா. கதவு திறந்தது. சீனா 1975 ஆகஸ்ட் வரை இழுத்தது.

கவனியுங்கள், பிரிந்து வந்த இடம் தாய்நாட்டிடம் கையெழுத்து வாங்கிவிட்டால் மற்றதெல்லாம் வரிசையாக நடக்கும். தென் சூடான் 2011 ஜூலை 9 அன்று பிறந்தது, சூடான் அரசு முதலிலேயே ஒத்துக்கொண்டது, ஐந்தே நாளில் ஐ.நா.வின் 193ஆவது உறுப்பினர். எரித்திரியாவுக்கு எத்தியோப்பியா ஒத்துக்கொண்டது, 1993இல் முடிந்தது. கொசோவோவுக்குப் பெல்கிரேடு கையெழுத்துப் போடவில்லை. சிக்கல் முழுவதும் அந்த ஒரு கையெழுத்தில் நிற்கிறது.

ஆம்பூர் பாய் | செவ்வாய், மாலை 5.10

அதைத்தான் நானும் சொல்கிறேன் வாத்தியார் சார். 1971இல் நாம் செய்தது சரி என்றால் 2008இல் மற்றவர்கள் செய்தது எப்படித் தப்பு? பாகிஸ்தானைக் கேட்டா நாம் பங்களாதேஷை ஏற்றோம்? இன்னொன்று, அந்தப் பங்களாதேஷே 2017இல் கொசோவோவை ஏற்றுவிட்டது. யோசித்து யோசித்து ஒன்பது வருஷம் எடுத்துக்கொண்டார்கள், அது வேறு விஷயம்.

பாலாறு தண்ணி எங்கே | செவ்வாய், மாலை 5.22

பாய், நியாயத்தை வைத்து நாடு பிறக்கிறது என்று நம்பினால் சோமாலிலாந்து பக்கம் போய்ப் பாருங்கள். 1960 ஜூனில் பிரிட்டனிடமிருந்து விடுதலை, ஐந்து நாள் தனி நாடாகவே இருந்தது, பிறகு தானாகப் போய் இத்தாலிய சோமாலியாவோடு சேர்ந்தது. 1991 மே மாதம் விட்டால் போதும் என்று விலகியது. தனி நாணயம், தனி போலீஸ், தேர்தல் நடத்தி ஆட்சி மாற்றம், எல்லாம் உண்டு. சோமாலியா எரிந்தபோது இது ஓரளவு ஒழுங்காக இருந்தது. 2025 டிசம்பரில் இஸ்ரேல் ஏற்கும்வரை, முப்பது வருஷத்துக்கு மேலாக, ஐ.நா.வில் உள்ள ஒரு நாடுகூட ஏறெடுத்துப் பார்க்கவில்லை. ஆப்பிரிக்க நாடுகள் 1964இலேயே, வெள்ளைக்காரன் போட்ட கோடு போட்டபடியே இருக்கட்டும் என்று தீர்மானம் போட்டுக்கொண்டன, ஒன்றைத் தொட்டால் ஐம்பதும் சரியும் என்ற பயம்.

கொசோவோவுக்கு அமெரிக்கா என்ற பெரியப்பா இருந்தார். பிரிஷ்டினாவில் கிளின்டன் பெயரில் தெரு, கிளின்டனுக்குச் சிலை. சோமாலிலாந்துக்கு அப்படி ஒரு பெரியப்பா இருக்கவில்லை. அவ்வளவுதான் வித்தியாசம்.

பெரியப்பாக்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். கொசோவோ தனி வழக்கு, இதை யாரும் முன்னுதாரணமாக எடுக்கக்கூடாது என்று அமெரிக்கா சொன்னது. ஆறே மாதத்தில், 2008 ஆகஸ்டில், ரஷ்யா ஜார்ஜியாவோடு சண்டை போட்டுவிட்டு, அதிலிருந்து பிரிந்த அப்காசியா, தென் ஒசேத்தியா இரண்டையும் நாடு என்றது. அதன் பின்னால் நிகராகுவா, வெனிசுவேலா, அப்புறம் நவ்ரு என்ற குட்டித் தீவு, சிரியா. 2014இல் உக்ரைனிலிருந்து கிரிமியா பிரிவதாக அறிவித்த காகிதத்தில் வக்கீல் சார் சொன்ன அதே ஹேக் கருத்தை எடுத்துப் போட்டார்கள். கொசோவோவுக்கு எதிராக ஹேக்கில் நின்று வாதாடியதும் இதே ரஷ்யாதான். அப்காசியா என்றால் அமெரிக்கா எல்லையின் புனிதம் பேசும், கொசோவோ என்றால் ரஷ்யா பேசும். வசனம் ஒன்றுதான், பேசும் ஆள்தான் மாறுகிறான்.

சத்துவாச்சாரி வக்கீல் | செவ்வாய், இரவு 7.40

பெரியப்பா கதையோடு ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள், கொடுத்ததைத் திரும்பியும் வாங்கலாம். சூரிநாம் 2017இல் கொசோவோவை ஏற்றதை வாபஸ் வாங்கியது. நாமே செய்திருக்கிறோம், மேற்கு சஹாராவின் சஹ்ராவி குடியரசை 1985இல் ஏற்று 2000இல் விலக்கிக்கொண்டோம்.

பாதி ஏற்பும் உண்டு. ஸ்பெயின் கொசோவோவை நாடு என்று இன்றுவரை சொல்லவில்லை, ஆனால் 2024 முதல் அதன் பாஸ்போர்ட்டை வைத்துக்கொண்டு உள்ளே வரலாம். நாடு இல்லை, ஆனால் நாடு கொடுத்த பாஸ்போர்ட் செல்லும். எங்கள் பார் ரூமில் இதைச் சொன்னால் ஒரு மணி நேரம் சிரிப்பார்கள்.

குரூப் ஒன் காட்பாடி | செவ்வாய், இரவு 7.55

நம்மிடம் அதுவும் இல்லை. 2018 நவம்பரில் டெல்லியில் பெண்கள் உலகக் குத்துச்சண்டை நடந்தது. மேரி கோம் ஆறாவது தங்கம் வாங்கினாரே, அதுதான். அதற்கு வர வேண்டிய கொசோவோ வீராங்கனைக்கு விசா கொடுக்கவில்லை. அந்தப் பெண் ஊரிலேயே நின்றுவிட்டார்.

முகாம் வீடு | செவ்வாய், இரவு 9.18

வணக்கம். இரண்டு நாளாக எழுதலாமா வேண்டாமா என்று இருந்தேன். நான் வேலூர் மாவட்டத்து முகாம் ஒன்றில் இருக்கிறேன். இப்போது மறுவாழ்வு முகாம் என்று பெயர், எங்கள் வீட்டில் இன்னும் கேம்ப் என்றுதான் சொல்வோம். அப்பா அம்மா 1990இல் மன்னாரிலிருந்து படகில் வந்தவர்கள். நான் இங்கேதான் பிறந்தேன், 1997.

2008 பிப்ரவரியில் கொசோவோ என்ற பேரை முதலில் கேட்டேன். எனக்கு அப்போது பதினோரு வயது. எங்கள் லைனில் ஒரே ஒரு வீட்டில் நல்ல ரேடியோ இருந்தது, அங்கே பெரியவர்கள் கூடி உட்கார்ந்து செய்தி கேட்டார்கள். ஒரு சின்ன இடம், சின்ன ஜனம், அதை உலகம் நாடு என்று சொல்லிவிட்டது என்று அப்பா வீட்டுக்கு வந்து திரும்பத் திரும்பச் சொன்னார். அவர் குரலில் அவ்வளவு உற்சாகத்தை நான் அதற்கு முன் கேட்டதில்லை. கொழும்பு உடனே கண்டனம் சொன்னது, இது ஐ.நா. சாசனத்துக்கு விரோதம் என்று. அதுவும் ரேடியோவில் வந்தது. பயப்படுகிறார்கள் பார் என்று எல்லோரும் சிரித்தார்கள். அடுத்த வருஷம் மே மாதம் என்ன ஆனது என்று நான் எழுதத் தேவையில்லை. அந்த ரேடியோ வீட்டில் அதற்குப் பிறகு யாரும் கூடவில்லை.

என் விஷயம் வேறு. 1987 ஜூலைக்குப் பிறகு இங்கே பிறந்தால் பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருந்தால்தான் பிறப்பால் குடியுரிமை. எனக்கு அது இல்லை. சென்னையில் இலங்கைத் துணைத் தூதரகத்தில் பிறப்பைப் பதிந்து அந்தப் பக்கக் குடியுரிமை வாங்கலாம், அப்பா பதியவில்லை, கேட்டால் எழுந்து வெளியே போய்விடுவார். பி.காம். முடித்துவிட்டுத் துணிக்கடையில் கணக்கு எழுதுகிறேன். அந்தக் குத்துச்சண்டை அக்காவுக்கு நாங்கள் ஏற்காத ஒரு பாஸ்போர்ட்டாவது இருந்தது என்று படித்தபோது நினைத்தேன். நாங்கள் என்று எழுதிவிட்டேன், பார்த்தீர்களா.

ராஜா வேலூர் | செவ்வாய், இரவு 9.26

சகோதரி, கொசோவோவுக்குக் கொடுத்ததை ஈழத்துக்குக் கொடுக்காத உலகத்தைச் செருப்பால் அடிக்க வேண்டும். இங்கே உட்கார்ந்து மான்டிவிடியோ, மண்ணாங்கட்டி என்று பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

முகாம் வீடு | செவ்வாய், இரவு 9.41

அண்ணா, கோபம் புரிகிறது. ஆனால் வக்கீல் சார் பேசுவதை நிறுத்தச் சொல்லாதீர்கள். இந்தக் காகிதமெல்லாம் எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது, தெரிந்திருந்தால் அன்றைக்கு அப்பா அவ்வளவு சந்தோஷப்பட்டிருக்க மாட்டார். சண்டை வேண்டாம்.

கோட்டை வாத்தியார் | செவ்வாய், இரவு 10.15

அம்மா, நீ எழுதியது நல்லதாயிற்று.

பாலாற்றங்கரையில் முத்து மண்டபம் இருக்கிறது, பஸ்ஸில் போகும்போது பார்த்திருப்பாய். கண்டியின் கடைசி ராஜா ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் அங்கேதான் இருக்கிறார். 1815 மார்ச் 2 அன்று கண்டிப் பிரதானிகளும் ஆங்கிலேயரும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள், ராஜாவின் அரசு அன்றைக்கு முடிந்தது, ராஜாவின் கையெழுத்து அதில் கிடையாது. வேலூர்க் கோட்டைக்குக் கொண்டுவந்தார்கள், 1832இல் இங்கேயே இறந்தார். அவரைப் பற்றிப் பாடம் எடுக்கும்போதெல்லாம் பையன்கள் கேட்பார்கள், ராஜா இங்கே இருக்கும்போது அது யாருடைய நாடு சார் என்று. முப்பது வருஷமாக ஒவ்வொரு செட்டும் கேட்டது. பாடப் புத்தகத்தில் உள்ளதைச் சொல்லிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவேன்.

துணைத் தூதரகப் பதிவு விஷயத்தில் வக்கீல் சார் ஏதாவது செய்ய முடியுமா?

சத்துவாச்சாரி வக்கீல் | செவ்வாய், இரவு 10.29

பிறப்புச் சான்று, அப்பா அம்மாவின் பழைய இலங்கை அடையாள அட்டை அல்லது அவர்கள் பிறப்புச் சான்றின் நகல் ஏதாவது இருந்தால் எடுத்து வையுங்கள். தனிச் செய்தியில் என் ஆபீஸ் நேரம் அனுப்புகிறேன். ஃபீஸ் பேச்சு எடுக்க வேண்டாம். அப்பாவிடம் சொல்லாமல் செய்யவும் வேண்டாம்.

ஆம்பூர் பாய் | புதன், காலை 7.05

சிப்காட் தம்பியை எல்லோரும் மறந்துவிட்டோம். தம்பி, நாற்பது வருஷம் தோல் ஏற்றுமதியில் இருந்தவன் சொல்கிறேன், கேள். இந்தியா ஒரு இடத்தை நாடாக ஏற்கவில்லை என்பதற்கும் அங்கே சரக்கு அனுப்பக்கூடாது என்பதற்கும் சம்பந்தமில்லை. தைவானை நாம் நாடு என்று சொல்வதில்லை, தைவானோடு வியாபாரம் இல்லையா? கொசோவோவுக்கு எக்ஸ், கே என்று இரண்டெழுத்துக் குறியீடு ஒன்று புழக்கத்தில் இருக்கிறது. உலகத் தரப் பட்டியலில் அது அதிகாரபூர்வமான எழுத்து இல்லை, அவரவர் தேவைக்கு வைத்துக்கொள்ள ஒதுக்கியதில் ஒன்று, ஐரோப்பியர்கள் அதைத்தான் எழுதுகிறார்கள். உங்கள் பழைய சாஃப்ட்வேரில் அது இருக்காது. கூரியர் கம்பெனி பக்கத்தில் இருக்கும், அங்கே திறந்து பார். உன் கஸ்டம்ஸ் ஏஜெண்டிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, இன்வாய்ஸில் நாடு கட்டத்தைக் காலியாக விட்டு, முகவரியில் 'பிரிஷ்டினா, கொசோவோ' என்று எழுது. பெல்கிரேடு வழியாக மட்டும் போட்டுவிடாதே.

சிப்காட் ஷிஃப்ட் | வியாழன், இரவு 8.50

பாய், கூரியர் பட்டியலில் கொசோவோ இருந்தது! எங்கள் ஆபீஸில்தான் இல்லை. ஏஜெண்டும் தடை ஒன்றும் இல்லை என்றார். மேனேஜர் அரை மனதாகத் தலையாட்டினார், ஆனால் ஃபைல் காப்பியில் என் கையெழுத்தை வாங்கிக்கொண்டார். இன்று மாலை பெட்டி போய்விட்டது. எல்லோருக்கும் நன்றி. முகாம் வீடு சகோதரிக்கும்.

பாலாறு தண்ணி எங்கே | வியாழன், இரவு 8.58

தூங்கினாயா தம்பி?

சிப்காட் ஷிஃப்ட் | அடுத்த வெள்ளி, மதியம் 1.12

பெட்டி போய்ச் சேர்ந்துவிட்டது. பையர் மெயில் போட்டிருக்கிறார். நாட்டைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. 42 சைஸ் முன்பக்கம் பிடிக்கிறதாம், லாஸ்டை (ஷூ அச்சை) மாற்றி இன்னும் இரண்டு ஜோடி அனுப்பச் சொல்கிறார். நாடு கட்டத்தை மறுபடி திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.